யாராயிருந்தாலும் அனுப்பு

பஞ்சர்க்கா கடவுளோடு பேசுவது அந்தத் தெரு முழுக்கக் கேட்கும். மனசுக்குள் வேண்டிக்கொள்கிற பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. நெம்புகோலை டயர் விளிம்பில் செருகி, முழங்காலை ஊன்றி நெம்பிக்கொண்டே, "கேக்குதா உனக்கு? நேத்தும் இதையேதான சொன்னேன்?" என்பாள். புதிதாக வந்த வாடிக்கையாளர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "என்னங்க?" என்று பதறுவார். "உங்களை இல்லீங்க. நீங்க அப்படி நிழல்ல உட்காருங்க" என்பாள்.

கடை அவள் அப்பாவுடையது. ஒற்றை ஷட்டர், மூச்சிரைக்கும் ஒரு கம்ப்ரஸர், ட்யூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, ஆணிகளில் தொங்கும் பழைய டயர்கள். அப்பாவுக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளுக்கு ரப்பர் வாசனையே ஆகாது. அவள் பேருந்தில் கண்டக்டராகிப் போய்விட்டாள். இளையவள் அப்பாவுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்தாள். "பொம்பளை ஒட்டினா காத்து நிக்குமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, அவர் வண்டியிலேயே ஏறித் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, "நிக்குதா பாருங்க" என்று சாவியை அவர் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் பஞ்சர்க்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

கணவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வீட்டில் அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஒரே மகள், பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். குறை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதனால் கடவுளைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியமும் பஞ்சர்க்காவுக்கு வந்ததில்லை.

ஒருநாள் காலையில் மகள் முகம் வீங்கி எழுந்தாள். தூக்கம் பத்தவில்லை என்று நினைத்தார்கள். பிறகு காலும் வீங்கியது. செருப்பு நுழையாமல் வாசலில் உட்கார்ந்து அழுதவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள் பஞ்சர்க்கா. பெரிய டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டன என்றார்.

"டயாலிசிஸ்ல கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனா சின்ன வயசு. சொந்தத்துல யாராவது ஒரு கிட்னி குடுத்தா நல்லா இருப்பா."

"இப்பவே எடுத்துக்குங்க" என்று பஞ்சர்க்கா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

பரிசோதனை செய்ததில், அவளுக்குச் சர்க்கரை வியாதி இருக்கும் விஷயம்தான் தெரியவந்தது. அவளுடையது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கணவரின் ரத்த வகை சேரவில்லை. ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நின்று, "பெத்தவன் ரத்தம் கூட ஒதவலையே" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பஞ்சர்க்கா அழவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவள் யாரைத் திட்டிக்கொண்டு வருகிறாள் என்று பின்னால் உட்கார்ந்திருந்த மகளுக்கு முதலில் புரியவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பேச்சு. விளக்கு, பூ, மண்டியிடுதல் எதுவும் இல்லை. வேலைக்கு நடுவில் நேருக்கு நேர் கேட்பாள். "அவ என்ன பண்ணினா உன்னை? யார் வயித்துல அடிச்சா? ஒரு ஆளை அனுப்பு. பொருந்தற மாதிரி ஒரே ஒரு ஆள். யாராயிருந்தாலும் சரி. நான் வேற ஒண்ணும் கேக்கல."

எதிரில் ஒருவன் நின்று கேட்கிறானா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. ட்யூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இதில் அப்படி எதுவும் தெரியவில்லை. சில மத்தியானங்களில் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, தொங்குகிற டயர்களை வெறித்துப் பார்ப்பாள். கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று தோன்றும். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

பக்கத்துக் கடை பூட்டுக்காரர் சாவி ராவுகிறவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "தங்கச்சி, மனசு கஷ்டத்துல இருக்க, புரியுது. ஆனா மேலே யாரும் இல்லம்மா. தொண்டைத் தண்ணிதான் வத்தும்."

"இருக்கட்டும்ணே. யாருமே இல்லன்னா நான் யாரைத் திட்டறது? எனக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும். உங்களைத் திட்டலாமா?"

பூட்டுக்காரர் அரத்தை எடுத்துக்கொண்டு தன் சாவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நம்பாதவரையாவது பொறுத்துக்கொண்டாள். நம்புகிறவர்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாத்தனார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எல்லோரும் கண்ணை மூடிப் பிரார்த்தித்தார்கள். முடித்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் தனக்குப் பிரியமானவங்களைத்தான் சோதிப்பார், அண்ணி" என்றாள்.

"சோதிக்கணும்னா என்னைச் சோதிக்கட்டும். பரீட்சை எனக்கு, பெயிலாகறது எம்பொண்ணா? எந்த ஊரு நியாயம் இது?"

"அப்படியெல்லாம் பேசக்கூடாது அண்ணி. அவர் சித்தம் எதுவோ அதை ஏத்துக்கணும்."

"ஏத்துக்கறதுக்கு நான் எதுக்குக் கேக்கணும்? சும்மா வீட்ல இருக்கலாமே. கேக்கறேன்னா குடுன்னு அர்த்தம்."

வந்தவர்கள் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். கணவர் மட்டும் சமையலறையில் திரும்பி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மகள் நோயில் விழுந்த பிறகு அவர் தோள் குலுங்கி அன்றுதான் பார்த்தாள்.

டயாலிசிஸ் அறையில் மகளுக்கு அடுத்த கட்டில் ஒரு முடிதிருத்துநருடையது. கையில் ஊசியும் குழாயுமாகப் படுத்தபடியே வார்டில் உள்ளவர்களின் தலையையெல்லாம் எடைபோடுவார். "உங்கம்மாவுக்கு முன்பக்கம் கொஞ்சம் குறைச்சா பத்து வயசு இறங்கிடும், பாப்பா. கோவம் மட்டும் எந்தக் கத்தரிக்கும் வராது" என்பார். அவரும் ஒரு சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தார். அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருப்பாள். பஞ்சர்க்கா தன் வேண்டுதலில் ஒரு வரியைக் கூட்டிக்கொண்டாள்: "அப்படியே அந்த மனுஷனுக்கும் பாரு. அவர் பொண்டாட்டிக்குச் சத்தம் போட்டுக் கேக்கத் தெரியாது."

மாதங்கள் போயின. மகள் இளைத்தாள். கிளினிக் வேலையை விட்டாள். கடையில் கூட்டம் இருக்கிற நாட்களில், "நான் பஸ்ஸிலேயே போயிக்கறேம்மா, நீ வேலையைப் பாரு" என்று கிளம்பிவிடுவாள்.

ஒரு சாயங்காலம், லாரி டயர் ஒன்றுக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, கழுத்தில் விசில். நிமிர்ந்து பார்த்தவள் காற்றுக்குழாயை விட்டுவிட்டாள். அது தரையில் பாம்பு மாதிரிச் சீறிச் சுழன்றது.

அக்கா.

இரண்டு பேரும் பேசி வருடக்கணக்காகிறது. அம்மா கடைசிக் காலத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தாள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்ற செய்தியை அக்கா சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். பஞ்சர்க்கா ஓடிப்போனபோது கட்டிலில் மெத்தை கூட இல்லை. அன்று வாசலில் நின்றபடியே, "இனி உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அக்கா வேலை செய்யும் பேருந்து வந்தால் ஏறமாட்டாள். மழையாயிருந்தாலும் அடுத்த வண்டிக்கு நிற்பாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டேன். பொருந்துதுன்னுட்டாங்க. நான் குடுக்கறேன்."

"என்ன?"

"கிட்னிடீ. உம்பொண்ணுக்கு. அவ என் பஸ்லதான் ஆஸ்பத்திரிக்குப் போறா, வர்றா. திரும்பி வரும்போது அவளால நிக்க முடியல. முன்சீட்டை யாரையும் உட்கார விடாம வெச்சிருப்பேன். என்னன்னு கேட்டேன், சொன்னா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போய் ரத்தம் குடுத்தோம். உங்கிட்ட சொன்னா வேணாம்பேன்னு அவதான் சொல்ல வேணாம்னா."

பஞ்சர்க்கா குனிந்து காற்றுக்குழாயை நிறுத்தினாள்.

"வெளிய போ."

"ஏய்..."

"போன்னு சொன்னேன். பெத்தவ சாவைக்கூட எனக்குக் காட்டாதவ, எம்பொண்ணுக்கு உசுரு குடுக்க வந்துட்டியா? ஒண்ணும் வேணாம். கெளம்பு."

அக்கா தோல்பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் பஞ்சர்க்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். அப்புறம் ஆரம்பித்தாள். பூட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார்.

"விளையாடறியா எங்கிட்ட? ஊர்ல இத்தனை பேர் இருக்காங்க. உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? யாராயிருந்தாலும் சரின்னேன், வாஸ்தவம். ஒத்துக்கறேன். அதுக்காக இவளா? நான் கும்பிட்டுக் கேட்டிருந்தா நல்ல ஆளா அனுப்பியிருப்பியோ? திட்டினதுக்குப் பழி வாங்கறியா?" கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக எதிரில் யாரும் இல்லையோ என்றுதான் பயந்திருந்தாள். இருக்கிறான் என்று இப்போது தோன்றிவிட்டது. அந்த எண்ணம் பழைய பயத்தைவிட மோசமாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது மகள் விழித்தபடி படுத்திருந்தாள்.

"பெரியம்மாவைத் துரத்திட்டியாமே."

"யார் சொன்னா?"

"அவங்கதான் போன் பண்ணாங்க. உன்னைத் திட்டக்கூடாதுன்னு வேற சொன்னாங்க." மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, உனக்கும் பெரியம்மாவுக்கும் ஆயிரம் இருக்கும். அதெல்லாம் உங்க கணக்கு. உன் ரோஷத்துக்கு நான் சாகணுமா?"

பஞ்சர்க்கா போர்வையை இழுத்து மகளின் காலை மூடிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் அக்காவின் பேருந்துக்காக நிறுத்தத்தில் நின்றாள். வந்தது. ஏறினாள். அக்கா பார்த்தாள்; பார்க்காதவள்போல டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் போனாள். நிறுத்தம் நிறுத்தமாகக் கூட்டம் இறங்கியது. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநரும் இறங்கிப்போன பிறகு, காலி வண்டியில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"ஏன் சொல்லல? அம்மா போறப்போ ஏன் எனக்குச் சொல்லல?"

அக்கா எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அவ கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டா. பக்கத்துலயே இருந்து பீ மூத்திரம் அள்ளினவ நான். கண்ணைத் தொறந்தா உன் பேரு. சின்னவ வந்தாளா, சின்னவ வந்தாளா. எனக்கு வயிறெரிஞ்சுது. வரட்டும், வந்தா எல்லாம் அவதானேன்னு ஒரு வீம்பு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டா." விசிலைக் கையில் உருட்டினாள். "தப்புதான். அதைச் சொல்ல உன் கடைப்பக்கம் எத்தனை தடவை வந்திருப்பேன். நீ நெம்புகோலோட நிப்பே. திரும்பிடுவேன்."

பஞ்சர்க்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை விடக்கூடாதென்று பல்லைக் கடித்தாள்.

"இந்தா பாரு. நான் உன்னை மன்னிக்கல. ஆனா உன் கிட்னி எனக்கு வேணும்."

"மன்னிக்கச் சொல்லி யாரு கேட்டா?" அக்கா எழுந்தாள். "வண்டி எடுக்கற நேரமாச்சு. முன்னால நகரு."

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. தொற்று குறையாமல் தொட முடியாது என்று டாக்டரம்மா தள்ளிவைத்தார். நாத்தனார் போனில், "ஒருவேளை கடவுள் தடுக்கறாரோ அண்ணி? யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

"தடுத்தா தடுக்கட்டும். நான் நகரமாட்டேன். அவருக்குக் கை வலிச்சா எடுப்பாரு" என்று போனை வைத்தாள். ஆனால் வார்டின் கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் நின்றாள். அங்கே அவள் கடவுளைத் திட்டவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதை வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை.

காய்ச்சல் இறங்கியது. மறுபடி நாள் குறித்து, இரண்டு தள்ளுகட்டில்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. அக்காவைக் கொண்டுபோகும்போது பஞ்சர்க்கா கூடவே நடந்தாள். அக்கா அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள். பிடித்ததும், "உன் கையில இன்னும் ரப்பர் நாத்தம் போகலடீ" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

நடைகூடத்தில் கணவர் ஒரு மூலையில் கைகட்டி உட்கார்ந்தார். பஞ்சர்க்கா நடந்தாள். பிள்ளைக்காகக் கேட்க வாயெடுத்தாள். அக்காவின் பேர்தான் முதலில் வந்தது. அவளுக்கே எரிச்சலாயிருந்தது. "சரி, அவளையும் முழுசா வெளிய அனுப்பு. நான் இன்னும் அவளோட சண்டை போட்டு முடிக்கல. பாதியில விட்டா உன்னைத்தான் கேப்பேன்."

மத்தியானம் டாக்டரம்மா முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. தையல் போடறதுக்குள்ளயே சிறுநீர் வர ஆரம்பிச்சிடுச்சு."

அதன் பிறகு ஒரு வாரம் பஞ்சர்க்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் மகளின் சிறுநீரைப் பற்றித்தான் பேசினாள். கட்டிலில் தொங்கிய பை நிறைய நிறைய அவள் முகம் மலர்ந்தது. "பாருங்க, நல்ல தங்க நிறம்" என்று வார்டு பார்க்க வந்த முன்பின் தெரியாத ஒருவருக்குக் காட்ட, மகள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

கடையைத் திரும்பத் திறந்த நாளில் பூட்டுக்காரர் வந்து விசாரித்தார். சந்தோஷப்பட்டார். ஆனாலும் அவர் அவர்தானே. "செஞ்சது டாக்டர், தங்கச்சி. குடுத்தது உங்கக்கா. பஸ்ல பேசினது உம்பொண்ணு. இதுல நடுவுல எங்க வந்தாரு உன் ஆளு?"

"அவங்கவங்க வேலையை அவங்கவங்க செஞ்சாங்கண்ணே. நான் ஒருத்தர் விடாம எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டேன். ஆனா நான் கேட்டேன், வந்துது. இல்லன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"ஆமான்னு உன்னால முடியுமா?"

"முடியாது." டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தாள். "முடியாமலேதான் கேட்டேன்."

மகள் வீடு வந்து சில மாதங்களில் முடிதிருத்துநர் இறந்துபோனார். அவருக்கு யாரும் கிடைக்கவில்லை. செய்தி கேட்டு பஞ்சர்க்கா அவர் வீட்டுக்குப் போனாள். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் சுழல் நாற்காலி, பின்னறையில் குடும்பம். அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சத்தமே வராத அந்தப் பெண் நிமிர்ந்து கேட்டாள்.

"நீங்க கேட்டீங்க, குடுத்தாரு. நானும் கேட்டேனே. எனக்கு ஏன் குடுக்கல?"

பஞ்சர்க்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாத்தனார் சொன்ன மாதிரி ஏதாவது சொல்ல நாக்கு கூசியது.

"தெரியலம்மா. இவருக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். ஏன் குடுக்கலன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி உங்கிட்ட பேசமாட்டேன்."

அந்தப் பெண் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் பஞ்சர்க்காவின் கடையில் கம்ப்ரஸர் சத்தம் மட்டும்தான் கேட்டது. பூட்டுக்காரருக்கே அது பொறுக்கவில்லை, "உடம்பு சரியில்லையா?" என்று எட்டிப் பார்த்தார். கடவுளோடு அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். அப்புறம் ஒருநாள், மோட்டார் சைக்கிள் ட்யூபைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "பேசாம இருந்தா தப்பிச்சுட்டேன்னு நினைச்சியா? அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் விடப்போறதில்ல." மறுபடி தினமும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. அவளும் விடவில்லை.

கேட்டதோடு நிற்கவுமில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அந்த வீட்டுக்குப் போனாள். புருஷனின் கத்தரிக்கோலை அந்தப் பெண் எடுத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்து, "துடைக்கறதுக்கா அது? வெட்டக் கத்துக்கோ. நானும் அப்பன் கடையிலதான் உட்கார்ந்தேன்" என்றாள். அந்தப் பெண் ஓர் அழகு நிலையத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டு வந்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகக் கடையைத் திறந்தாள். முதல் ஆளாகப் பஞ்சர்க்கா நாற்காலியில் ஏறினாள். மகளும், வேலைக்குத் திரும்பிவிட்ட அக்காவும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இடது பக்கம் தூக்கலா இருக்கே" என்றாள் அக்கா.

"உன் தலையா இது? வாயை மூடிக்கிட்டு உட்காரு."

"சொன்னா என்னடீ, கண்ணாடியைப் பாரு."

"ரெண்டு பேரும் ஆடாம இருங்க" என்றாள் முடிதிருத்துநரின் மனைவி, கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. அந்த அறையில் அவள் குரல் கணீரென்று கேட்டது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.